புளியங்காட்டுப்பட்டி ஏரியில் மீன் காவல்

17-1-1944
பொங்கல் முடிந்து இன்றுதான் ராசிபுரத்திலிருந்து திரும்பினேன். வீட்டில் மூன்று தறிகளும் சும்மா கிடக்கின்றன. நூல் கிடைத்து ஏழு மாதமாகிறது. "இந்த வேலையையாவது கெட்டியாப் புடிச்சுக்கங்க" என்று சாரதாமணி வாசல் வரை வந்து சொன்னாள். அவளுக்கு ஐந்து மாதம். தறிக்காரன் மீனுக்குக் காவல் போயிருக்கிறான் என்று தெருவில் சிரிக்கிறார்களாம். சிரிக்கட்டும்.

ஏரிக்கரை மேல்தான் என் குடிசை. போன ஆவணியில் மேட்டூரிலிருந்து பானை பானையாகக் கொண்டுவந்து விட்ட கெண்டைக் குஞ்சுகள் இப்போது ஒரு சாண் இருக்கும். பர்மா அரிசி நின்றுபோன இந்த யுத்த காலத்தில், நாட்டிலுள்ள ஏரி குளமெல்லாம் மீன் விளைந்தால்தான் சனங்கள் பிழைக்கும் என்றார் மீன் இலாகா ஆபீசர். மேலிடத்து உத்தரவு எழுத்தில் வரும் வரை ஒருவரும் தூண்டில்கூடப் போடக்கூடாது. அதைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை.

2-2-1944
ஊர் மணியக்காரர் தங்கசாமிக் கவுண்டர் வந்திருந்தார். "ஏனுங்க மொதலியாரே, ஏரி வத்தறப்ப ஊரே எறங்கி மீன் புடிக்கறது எங்க வழக்கமுங்க. இந்த வருசம் சனத்துக்கு என்னன்னு சொல்றது?" என்று கேட்டார். உத்தரவு வரும் என்றேன். "எப்பங்க?" என்றார். தெரியாது என்றேன். சிரித்துவிட்டுப் போனார்.

19-2-1944
உச்சி வெயிலில் கோரைக்குள் அசைவு தெரிந்தது. கந்தம்மாள். களையெடுக்கப் போகிறவள், புருஷன் இல்லை, இரண்டு பெண் குழந்தைகள். மடியில் இரண்டு கெண்டைகள் துடித்துக்கொண்டிருந்தன. "புள்ளைங்க மூணு நாளா வெறும் நீச்சத்தண்ணியக் குடிச்சுட்டுக் கெடக்குதுங்க சாமி. ரெண்டே ரெண்டுதானுங்க" என்றாள்.

கரையில் நாலைந்து பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். விட்டால் நாளைக்கு நாற்பது பேர் இறங்குவார்கள். ஆபீசர் காதுக்குப் போனால் வேலை போகும்.

ரிப்போர்ட் எழுதிவிட்டேன். ஒரு எழுத்துக்கூடப் பிசகவில்லை. அதுதான் இப்போது உறுத்துகிறது.

3-3-1944
கந்தம்மாளுக்குப் பத்து நாள் ஜெயில்.

5-3-1944
அந்தக் குழந்தைகள் பக்கத்து வீட்டில் இருக்கிறார்கள். ஒரு படி சோளம் கொண்டுபோனேன். அந்த வீட்டு அங்காளம்மாள் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் கதவைச் சாத்தினாள். சோளத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு தெரு முழுக்க நடந்து வந்தேன்.

20-3-1944
இந்த ஊரில் எனக்கு யாரும் உப்புக்கூடத் தருவதில்லை. கடையில் "தீந்து போச்சுங்க" என்கிறார்கள், மூட்டை கண்ணெதிரே இருக்கிறது. சொந்த ஊருக்குப் போய் வரலாம் என்றால் லீவு இல்லை. வேலையை விட்டால் வீட்டில் என்ன இருக்கிறது? கரையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஆயிரத்து நூற்றிருபது அடி வைக்கிறேன். மறுபடி அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி.

8-4-1944
ஏரி மதகுப் பள்ளத்துக்குச் சுருங்கிவிட்டது. காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. ஆபீசுக்கு மூன்றாவது கடிதம்: "தண்ணீர் பத்து நாள்கூடத் தாங்காது. பிடிக்க உத்தரவு வேண்டும்."

15-4-1944
பதில் வந்தது. "விஷயம் மேலிடத்தின் பரிசீலனையில் உள்ளது. அதுவரை காவல் தொடரவும்."

எதைக் காப்பது?

17-4-1944
நேற்று முப்பது மீன்கள் செத்து ஒதுங்கின. இன்று எண்ணவில்லை. ஊர்ச் சனங்கள் கரையில் வரிசையாக உட்கார்ந்து பார்க்கிறார்கள். ரேஷனில் போட்ட கம்பு முழுக்கப் புழு. கையில் குழந்தை வைத்திருக்கிறவர்கள், வயசானவர்கள்... எல்லாருடைய கண்ணும் ஏரியின் மேல்தான். கழுகு மட்டும் இறங்கித் தின்கிறது. கழுகுக்கு நான் ரிப்போர்ட் எழுத முடியாது.

18-4-1944
காலையில் நானே மணியக்காரர் வீட்டுக்குப் போய், ஊரை வரச் சொல்லுங்கள் என்றேன். "உத்தரவு வந்துருச்சுங்களா?" என்றார். இல்லை என்றேன். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

சேலை, கூடை, வேட்டி, எது கிடைத்ததோ அதை வைத்து அள்ளினார்கள். சேறும் கூச்சலும். வீட்டுக்கு வீடு சமமாகப் பங்கு. சாயங்காலம் ஊர் முழுக்கக் குழம்பு வாசம்.

கந்தம்மாள் மட்டும் இறங்கவில்லை. நேரே என்னிடம் வந்தாள். "ரெண்டு மீனுக்கு என்னைய ஜெயிலுக்கு அனுப்புனீங்க. இன்னைக்கு ஊரே அள்ளுது, கையக் கட்டிக்கிட்டு நிக்கறீங்க. அப்ப நாஞ் செஞ்சது என்ன தப்புங்க?"

அவள் பங்கை அங்காளம்மாள் எடுத்துக்கொண்டு போனாள்.

29-4-1944
ஆபீசர் வந்து விசாரித்தார். நல்ல மனுஷர்தான். தனியாகக் கூப்பிட்டார். "அருணகிரி, ஊரார் கும்பலாக வந்து உன்னை மிரட்டி மீனைப் பிடித்தார்கள் என்று எழுதிக் கொடு. பத்துப் பெயர் போதும். உன் வேலைக்கு நான் பொறுப்பு." காகிதத்தை என் பக்கம் நகர்த்தினார்.

சாரதாமணிக்கு நாள் நெருங்குகிறது. பத்துப் பெயர்தான். முதல் பெயர் யாருடையதாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஏற்கனவே ஜெயிலுக்குப் போனவள். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

எழுதினேன்: "நானே பிடிக்கச் சொன்னேன். யாரும் மிரட்டவில்லை. பிப்ரவரியில் கந்தம்மாள் மேல் நான் கொடுத்த ரிப்போர்ட்டும் தவறு." கடைசி வரியை மட்டுமாவது அடித்துவிடு, அது கோர்ட்டு விஷயம் என்றார். அடிக்கவில்லை.

6-5-1944
வேலை போயிற்று.

11-5-1944
பெண் குழந்தை. இருவரும் சுகம். சாரதாமணி என்னிடம் நான்கு நாளாகப் பேசவில்லை. இன்று, "கொளந்தையத் தூக்குங்க, கை வலிக்குது" என்றாள்.

3-6-1944
ஏரிக்கரை விலாசத்துக்கு வந்து, இங்கே திருப்பி அனுப்பப்பட்ட ஒரு கவர். புளியங்காட்டுப்பட்டி ஏரியில் மீன் பிடிக்க மேலிடத்து அனுமதி. தேதி மே இருபது.

14-11-1944
ராசிபுரம் சந்தை. மூட்டை தூக்குகிறேன், தோள் பழகிவிட்டது. தலையில் கூடையோடு கந்தம்மாள் வந்தாள். அவளே நின்றாள். நான் ஆபீசரிடம் எழுதிக் கொடுத்ததை மணியக்காரர் சொன்னாராம். ஏரி ரொம்பிவிட்டதாம், புதுக் குஞ்சு விட்டிருக்கிறார்களாம், புதுக் காவல்காரர் இருக்கிறாராம்.

"சனிக்கெழமையானா ஊட்டுக்கொரு தூண்டி போட்டுக்கறோமுங்க. அவரு அந்தாண்ட மூஞ்சியத் திருப்பி உக்காந்துக்குவாரு."

எழுத்தில் உத்தரவு வந்திருக்கிறதா என்று கேட்டேன்.

"நாங்க கேக்கலீங்க. நீங்களும் கேக்காதீங்க" என்றாள். கூடையை இறக்கத் தோதாக என் பக்கம் குனிந்தாள். ஒரு கை பிடித்தேன்.