பத்து மணிக்கு வாறன் என்றேன்

போன செவ்வாய்க்கிழமை காலையில் பக்கத்து வீட்டு மக்ரோகார்ப்பா மரத்தை வெட்ட ஆட்கள் வந்தார்கள். ஒக்லாந்து ரானுயியில் எங்கள் தெருவில் மிஞ்சியிருந்த பெரிய மரம் அது ஒன்றுதான். இயந்திரவாள் இரையத் தொடங்கிக் கொஞ்ச நேரத்துக்குள் பிசின் மணம் என் குசினி யன்னல் வரை வந்துவிட்டது. தேத்தண்ணிக் கோப்பையோடு வேலியடிக்குப் போனேன். மேலே ஒருவன் இடுப்புப் பட்டியில் தொங்கியபடி கொப்புகளைக் கழித்துக்கொண்டிருந்தான். கீழே நின்றவன் அவனை அண்ணாந்து பார்த்தபடியே நின்றான். அவனுடைய கைபேசி இரண்டு தரம் அடித்தது. எடுக்கவில்லை. தேத்தண்ணி ஆறிப்போனது. மேலே இருந்தவன் இறங்கி நிலத்தில் கால் வைக்கும் வரை நான் உள்ளே போகவில்லை.

மறுநாள் நீ போய் முப்பத்தோராம் நாள் நினைவு. அந்த மணத்தோடு இரவைக் கழித்துவிட்டுத்தான் எப்சத்தில் உன் மகள் வீட்டுக்குப் போனேன். அங்கே நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டும். அதற்கு முதல், நம் இருவருக்கும் தெரிந்ததை ஒருமுறை எழுதிப் பார்க்க வேண்டும்.

எண்பத்து நான்கில் நான் நியூசிலாந்துக்கு வந்தபோது எனக்கு முப்பத்திரண்டு வயது. உனக்கும் அதே வயதுதான். இலங்கையில் நீ மன்னார், நான் கொக்குவில். எனக்கு ஹென்டர்சனில் மரக்காலையில் பலகை அடுக்குகிற வேலை. உனக்கு டெலிபோன் கம்பங்களில் ஏறிக் கம்பி இழுக்கிற வேலை. ஞாயிறு பூசை முடிந்து நீ உன் பிளாக்ஹவுஸ் பே வீட்டுக்கு என்னைக் கூட்டிப்போவாய். சைவ சமயக்காரன் கோயில் வாசலில் காத்து நின்று பூசையின் பலனைச் சாப்பிடுகிறான் என்று உன் மனைவி சிரிப்பார்.

அந்தக் காலத்தில் ஒக்லாந்தில் செம்மறிதான் கிடைக்கும். வெள்ளாட்டு இறைச்சிக்கு நாம் எல்லோரும் ஏங்கிக் கிடந்தோம். ஹெலன்ஸ்வில்லுக்கு அப்பால் ஒரு பண்ணையில் காட்டாடுகள் வேலியை நாசமாக்குகின்றன, பிடிப்பவர்கள் பிடிக்கலாம் என்று உன்னோடு வேலை செய்த ஒருவன் சொன்னான். துவக்குக்கு அனுமதி எடுப்பது அப்போது பெரிய காரியமில்லை. நீதான் மறுத்தாய். ஊரில் கேட்ட சத்தம் போதும், அதைக் காசு கொடுத்து வாங்கி வீட்டில் வைக்க மாட்டேன் என்றாய். வில் ஒன்று வாங்கினாய். ஆறு மாதம் உன் வீட்டுப் பின்வளவில் வைக்கோல் கட்டுக்கு எய்து பழகினாய். எனக்கும் பழக்கினாய்.

வில்லுக்கு ஆடு கிட்டத்தில் வர வேண்டும். நிலத்தில் நின்றால் மணம் பிடித்து ஓடிவிடும். மரத்தில் இருந்தால் அவை மேலே பார்ப்பதில்லை. அதற்காக நீ உன் பழைய கம்பப் பட்டியைப் பிரித்து, அகலமான படங்குத் துணியில் இருக்கை ஒன்று தைத்து அதில் பொருத்தினாய். மரத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றிலிருந்து ஒரு சிறு கயிறு அதைத் தாங்கும். காலை மரத்தில் ஊன்றிப் பின்னால் சாய்ந்தால் கதிரையில் இருப்பது போல இருக்கும். இரண்டு கையும் வில்லுக்கு. கராஜ் கூரை வளையில் அதைக் கட்டி நீ தொங்கிப் பார்த்தபோது உன் மனைவி வந்து, “பிள்ளைக்கு ஏணை கட்டியாச்சோ?” என்றார். அன்றிலிருந்து அது நமக்கு ஏணைதான். எனக்கும் ஒன்று தைத்துத் தந்தாய்.

கவனம் என்றால் நீதான். கால் நிலத்தை விடுவதற்கு முன் கயிறு மரத்தில் இருக்க வேண்டும் என்பாய். ஏறும்போது வில்லைக் கையில் கொண்டுபோக விடமாட்டாய். மேலே போய்க் கட்டிக்கொண்ட பிறகுதான் நூல்கயிற்றில் இழுத்தெடுக்க வேண்டும். அம்புகள் மூடியுள்ள கூட்டில். கால் வைக்க ஒரு கயிற்று வளையம் எப்போதும் இடுப்பில் தொங்க வேண்டும். விழுந்து பட்டியில் தொங்கினால் கால் மரத்துப்போகும், பிறகு நெஞ்சு அடைக்கும், எழுந்து நிற்க அந்த வளையம்தான் உயிர் என்று வேலையில் உனக்குப் படிப்பித்திருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. “எத்தினை மணிக்கு ஆர் வாறது எண்டு கதைச்சுப்போட்டுத்தான் ஏறுறது.”

எண்பத்தாறு மே மாதம். அடுத்த ஞாயிறு உன் மூத்தவளுக்குக் கோயிலில் புதுநன்மை, முதல் நற்கருணை. வெள்ளாட்டுக் கறி போட வேண்டும் என்று நின்றாய். விடிய ஐந்து மணிக்கு என் பழைய காரில் புறப்பட்டோம். பண்ணையில் ஒரு பள்ளத்தின் ஓரத்தில், ஆட்டுத்தடம் ஒடுங்குகிற இடத்தில் நின்ற மக்ரோகார்ப்பாவில் நீ ஏறினாய். மேட்டுக்கு அந்தப் பக்கம், பத்து நிமிட நடையில், எனக்கொரு மரம். உன்னைக் கட்டி முடித்து வில்லை இழுத்தெடுக்கும் வரை நான் கீழே நின்றேன்.

“பத்து மணிக்கு வாறன்,” என்றேன்.

“பத்தெண்டால் பத்து,” என்றாய்.

ஒன்பதரைக்கு நான் இறங்கிவிட்டேன். என் பக்கம் ஒன்றும் வரவில்லை. மேட்டைத் தாண்டி உன்னிடம் வருகிற வழியில், பள்ளத்தின் எதிர்ச்சரிவில் ஏழெட்டு ஆடுகள் மேய்வதைக் கண்டேன். அதுவரை என் கையால் ஒரு ஆடும் விழுந்ததில்லை. குனிந்து, புதர் மறைவில் நகர்ந்தேன். அவை நகர நகர நானும் நகர்ந்தேன். ஒரு தரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து மணி பத்து நிமிடம். இன்னும் ஐந்து நிமிடம் என்று எனக்கே சொன்னேன். பிறகு ஒரு சத்தம் கேட்டது, மனிதச் சத்தம். பண்ணைக்காரன் நாயைக் கூப்பிடுகிறான் என்று நினைத்தேன். அப்படி நினைக்கத்தான் எனக்கு விருப்பமாக இருந்தது. திரும்பவும் கேட்டது. நான் அம்பைப் பூட்டிக்கொண்டிருந்தேன். எய்தேன். படவில்லை. ஆடுகள் போய்விட்டன.

உன் மரத்தடிக்கு வந்தபோது மணி பத்தேமுக்கால்.

விசிலடித்தேன். பதில் இல்லை. அண்ணாந்து பார்த்தேன். இருபதடி உயரத்தில் நீ தொங்கிக்கொண்டிருந்தாய். பட்டி அக்குள் வரை ஏறியிருந்தது. வலது கை இருக்க வேண்டிய இடத்தில் இல்லை; தோளிலிருந்து தனியாகத் தொங்கியது. தலை முன்னால் சரிந்திருந்தது. இடது கால் மட்டும் மரத்தைத் தேடி உராய்ந்து, வழுக்கி, திரும்பத் தேடியது. உன் முகத்தின் நிறத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் எந்த மனிதரிடத்திலும் பார்த்ததில்லை.

என்ன நடந்தது என்பதைப் பிறகுதான் சொன்னாய். மறுபக்கம் திரும்புவதற்காகக் கயிற்றைச் சற்றுத் தளர்த்தியிருக்கிறாய். கால் வைத்த கொப்பு உள்ளே உக்கியிருந்தது. மூன்றடி விழுந்து, சுழன்று, தோள் மரத்தில் அடித்திருக்கிறது. கால் வளையம் வலது இடுப்பில். இடது கைக்கு அது எட்டவில்லை. அப்போது பத்து மணியாக இன்னும் இருபது நிமிடம். இருபது நிமிடம் தாங்கலாம், அவன் வந்துவிடுவான் என்று எண்ணிக்கொண்டாயாம்.

நான் வில்லைப் போட்டுவிட்டு மரத்தில் தாவினேன். இரண்டு அடி ஏறியிருப்பேன். மேலிருந்து உன் குரல் வந்தது. குரல் என்று சொல்ல முடியாது, மூச்சு.

“கயிறு... முதல் கயிறைப் போடு.”

இறங்கினேன். என் ஏணைக் கயிற்றை மரத்தைச் சுற்றிப் போட்டுக் கொளுக்கியை மாட்டினேன். இரண்டு தரம் தவறியது. நான் விழுந்தால் உன்னை இறக்க ஆளில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கயிற்றை மேலே தள்ளி, ஏறி, தள்ளி, ஏறி உன் பக்கத்துக்கு வந்தேன். உன் உதடு நீலமாக இருந்தது.

வளையத்தை உன் இடுப்பிலிருந்து எடுத்து உன் கயிற்றில் மாட்டி, உன் இடது சப்பாத்தைப் பிடித்து அதற்குள் நுழைத்தேன். கால் பாரமான பலகை போல இருந்தது.

“எழும்பு. எழும்பி நில்லு.”

“கால் எங்க எண்டு தெரியேல்லை.”

என் தோளை உன் பின்பக்கத்துக்குக் கீழே கொடுத்து உந்தினேன். நீ நின்றாய். ஒரு அங்குலம், பிறகு ஒரு சாண். பட்டி தளர்ந்தது. நீ மூச்சை இழுத்த சத்தம் அழுகை மாதிரி இருந்தது. பிறகு கண்ணைத் திறக்காமலே ஒவ்வொன்றாகச் சொன்னாய். “என்ர பையில இருக்கிற நீளக் கயிறை எடுத்து என்ர பட்டியில கட்டு. மேல் கொப்பில மூண்டு சுத்துச் சுத்து. கயித்து வால் உன்ர கையில இருக்கட்டும். பாரம் அதுக்கு வந்த பிறகுதான் என்ர கொளுக்கியைக் கழட்டு.”

“மூண்டு சுத்தோ?”

“மூண்டு. எண்ணு.”

எண்ணினேன். சத்தமாக எண்ணினேன். கொளுக்கியைக் கழற்றிய கணத்தில் கயிறு கொப்பில் முறுகி ஒரு விரற்கடை வழுக்கி நின்றது. அந்த விரற்கடைக்குள் எனக்கு வயது போய்விட்டது. அங்குலம் அங்குலமாகக் கயிற்றை விட்டேன். நீ சருகில் போய்ப் படிந்தபோது என் உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது.

பண்ணை வீட்டுக்கு ஓடினேன். பண்ணைக்காரரின் மனைவி அம்புலன்ஸுக்கு அடித்துவிட்டு, கம்பளியும் எடுத்துக்கொண்டு என்னோடு ஓடிவந்தார். நாங்கள் வந்தபோது உன் கால்களுக்கு உணர்வு திரும்பிக்கொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்திருந்தாய்.

அன்று மாலை ஆஸ்பத்திரியில் உன் மனைவி என் கட்டுப்போட்ட கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதார். “அண்ணை, நீங்கள் நேரத்துக்கு வந்தபடியால்தான் இந்த மனிசன் இருக்குது,” என்றார். நான் வாயைத் திறந்தேன். கட்டிலில் இருந்து நீ முந்திக்கொண்டாய்.

“ஓம். சொன்ன நேரத்துக்கு வந்திட்டான்.”

என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். மயக்கத்தில் உனக்கு நேரம் தெரிந்திருக்காது என்று நினைத்து, கோழை போல ஆறுதலடைந்தேன்.

புதுநன்மைக்குக் கோழிக்கறிதான். கையைக் கழுத்துத் துணியில் தொட்டிலாகக் கட்டிக்கொண்டு வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றாய். நரம்பு நொந்த அந்தக் கை பிறகு தோளுக்கு மேலே எழும்பவேயில்லை. கம்பத்தில் ஏறுகிற வேலை போனது. உள்ளே மேசையில் இருந்து ஆட்களை அனுப்புகிற வேலை தந்தார்கள். கம்பத்தின் உச்சியில் காற்று வேறு மாதிரி இருக்கும் என்று ஒருமுறை மட்டும் சொன்னாய். நான் உன் வீட்டுக்குப் போவதைக் குறைத்தேன். நீ விடவில்லை. என் தெரு மூலையிலிருந்த டெய்ரிக் கடைக்குப் பால் வாங்க வந்தேன் என்று சொல்லி, பிளாக்ஹவுஸ் பேயிலிருந்து ரானுயிக்கு வந்து நிற்பாய்.

அடுத்த மே மாதம் நீயே கூப்பிட்டாய். “நீ ஏறு. நான் கீழ நிக்கிறன்.” எனக்கு மாட்டேன் என்று சொல்லத் துணிவு வரவில்லை. அதே பள்ளம், வேறு மரம். ஏறிக் கட்டிக்கொண்டேன். இரண்டு மணி நேரம் நீ மரத்தடியிலேயே கவிழ்த்த வாளியின் மேல் குந்தியிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

“நீ அதில நிண்டால் ஆடு வராது,” என்றேன்.

“வராட்டில் போகட்டும்.”

வரவில்லை. இறங்கியதும் வில்லைக் கூட அவிழ்க்காமல் சொல்லத் தொடங்கினேன், அன்றைக்கு நான் பத்து மணிக்கு எங்கே இருந்தேன் என்பதை. நீ கையைக் காட்டி நிறுத்தினாய்.

“எனக்குத் தெரியும். மேல இருந்து உன்னைப் பாத்துக்கொண்டுதான் இருந்தனான்.”

அந்த மரத்திலிருந்து எதிர்ச்சரிவு முழுக்கத் தெரியும் என்பதை நான் ஒருபோதும் யோசித்திருக்கவில்லை. நான் குனிந்து நகர்ந்ததை, கைக்கடிகாரத்தைப் பார்த்ததை, பார்த்துவிட்டுத் திரும்ப ஆடுகள் பக்கம் போனதை எல்லாம் நீ கண்டிருக்கிறாய். கூப்பிட்டிருக்கிறாய். நான் தலையை நிமிர்த்தியதையும் கண்டிருக்கிறாய். வாளியை எடுத்துக்கொண்டு காரை நோக்கி நடந்தாய். அதற்குப் பிறகு முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் நாம் அதைப் பற்றிக் கதைத்ததில்லை.

உன் செத்தவீட்டில் உன் மனைவி வந்தவர்களுக்கெல்லாம் என்னைக் காட்டி அதே வசனத்தைச் சொன்னார். நான் தலையாட்டிக்கொண்டு நின்றேன். முப்பத்தோராம் நாளன்று சனம் எல்லாம் போன பிறகு, எப்சம் வீட்டுக் குசினியில் அவரிடம் சொன்னேன். நேரம், ஆடுகள், நான் கேட்ட சத்தம், நீ மேலே இருந்து பார்த்தது, அடுத்த வருடம் நீ மரத்தடியில் காவல் இருந்தது, எல்லாம்.

கழுவிக்கொண்டிருந்த சட்டியை அவர் தண்ணீருக்குள்ளேயே விட்டார். கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். திரும்பியபோது அழவில்லை. கோபமும் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

“அதைப் பாத்தவர் பிறகேன் உங்களை மரத்தில ஏத்திப்போட்டுத் தான் கீழ நிண்டவர்?” என்று கேட்டார்.

நீ நின்றதற்கு எனக்குத் தெரிந்த காரணங்கள் இரண்டு. நான் தவறவிட்ட காவலை எப்படி நிற்பது என்று காட்டி என்னைத் தண்டித்தாய். அல்லது, நான் திரும்ப மரத்தில் ஏறப் பயந்துவிடக் கூடாது என்று நினைத்தாய். இரண்டையும் அவரிடம் சொன்னேன். அவர் தலையை அசைத்தார்.

“இல்லை அண்ணை. அந்த மனிசனுக்கு உங்களோட போக விருப்பம். அவ்வளவுதான்.”

இதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை, மச்சான். தண்டனை என்றால் இவ்வளவு காலமும் சுமந்து பழகியிருந்தேன்.