அம்மா கீறிய கோடு

ஏப்ரல் 3
நேற்றுதான் மகள் வீட்டிலிருந்து ஊர் திரும்பினேன். பருவத்தின் முதல் சுற்றுலாக் கப்பல் நாளைக்கு. மோசல் ஆற்றில் தண்ணீர் அளவாக ஓடுகிறது. வழிகாட்டி வேலையில் இது இருபத்திரண்டாவது வருடம். அதே சந்துகள், அதே ஒன்றரை மணி நேரம், கடைசியில் தம்பி லோத்தரின் கடையில் ரீஸ்லிங் ஒயின்.

ஏப்ரல் 4
லோத்தர் கடைச் சுவரின் பழைய பூச்சை உதிர்த்துவிட்டுப் புதுப்பூச்சு பூசியிருக்கிறான். அம்மாவின் கோடு இல்லை! தொண்ணூற்று மூன்று வெள்ளத்தில், கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் இருக்கும்போது, படகில் நின்றபடி திராட்சை நறுக்கும் கத்தரியின் முனையால் அம்மா கீறியது. தண்ணீர் அதுவரை நின்றது. இப்போது மாடி ஜன்னல் பக்கத்தில் நீலப் பெயிண்டில் ஒரு பெரிய கோடு, 1784 வெள்ளமாம். அவ்வளவு உயரம் வந்திருந்தால் தேவாலயத்துக்குள் மீன் பிடித்திருக்கலாம்.
"யாருடா உனக்கு இந்த ஒசரம் சொன்னது?"
"யாரும் சொல்லலக்கா. பெயிண்டர் ஏணிய அங்க போட்டிருந்தான்." சிரிக்கிறான்! "கோடு ஒசரமா இருந்தாத்தான் போட்டோ எடுக்கறாங்க. எடுத்தவங்க உள்ள வந்து ரெண்டு கிளாஸ் குடிக்கறாங்க. உன்னோட அந்தக் கீறல எவன் பாத்தான்?"
என்னோட கீறலாம். இவனையும் அவள்தானே பெற்றாள்?

ஏப்ரல் 11
நாற்பது பேர் முன்னால் போட்டு உடைத்துவிட்டேன். "இந்தக் கோடு பொய். என் தம்பி போன மாதம் போட்டது." எல்லோரும் சிரித்தார்கள். தமாஷ் என்று நினைத்துவிட்டார்கள். அப்புறம் வரிசையில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். லோத்தர் வாசலில் நின்று கைதட்டுகிறான், வெட்கங்கெட்டவன்.

ஏப்ரல் 12
கப்பல் கம்பெனியிலிருந்து போன். இன்னொரு தரம் அப்படிப் பேசினால் வேறு ஆள் பார்த்துக்கொள்வார்களாம். பார்க்கட்டும்.

ஏப்ரல் 19
கோட்டைத் திரும்பக் கீற உளியோடு போனேன். "எங்க இருந்துச்சு? காட்டு" என்றேன் லோத்தரிடம். கீழ் ஜன்னலுக்கு மேலே ஒரு சாண் என்றான். அப்புறம், இல்லை, ரெண்டு சாண் என்றான். அவனுக்குத் தெரியவில்லை.
எனக்கு? எனக்கும் தெரியவில்லை! இதுதான் வயிற்றெரிச்சல். இத்தனை வருடம் கை நீட்டிக் காட்டினேனே, ஒரு போட்டோ எடுத்தேனா? கப்பலில் வந்தவன் எல்லாம் எடுத்துக்கொண்டு போனான்.
லோத்தர் இன்று சிரிக்கவில்லை.

மே 2
முட்டாளே, ரோஸ்வித்தா. விடையை நீயே எழுதி வைத்திருக்கிறாய் — எல்லோரும் எடுத்துக்கொண்டு போனார்கள்.
இன்று கூட்டத்தில் கேட்டேன்: "இதுக்கு முன்னாடி யாராவது இங்க வந்திருக்கீங்களா?" ஒரே ஒரு கை. கனடாவிலிருந்து வினிஃபிரட் என்ற அம்மாள்; ஆறு வருடம் முன்பு கணவரோடு வந்தாராம். ஊருக்குப் போய் அப்போது எடுத்த படத்தைத் தேடுகிறேன் என்றார். தேடுவாரா? ஒயின் குடித்த வாய் எதையும் சொல்லும்.

மே 27
தேடியிருக்கிறார். படம் தபாலில் வந்தது.
தொப்பி போட்ட கணவர் சுவரோரம் பல்லைக் காட்டி நிற்கிறார். அவர் தலைக்கு மேலே கோடு, கீழ் ஜன்னலின் மேல்கல்லுக்கு மேலே சரியாக நான்கு விரல். ஓரத்தில் நான், கையை நீட்டிக்கொண்டு. அந்தக் கணவர் இப்போது உயிரோடு இல்லையாம். படத்தை லோத்தரின் கல்லாவின் மேல் வைத்துவிட்டு வந்தேன்.

மே 28
காலையில் போனால், லோத்தர் ஏணி போட்டு ஏறி நிற்கிறான். கையில் அம்மாவின் கத்தரி. இத்தனை வருடம் அதை எங்கே வைத்திருந்தான்? நான்கு விரல் வைத்து அளந்தான், மறுபடி அளந்தான், கீறினான்.
நீலக் கோடு அப்படியேதான் இருக்கிறது. "அத அழிக்கறது நாளைக்குக்கா" என்றான், திரும்பாமலே.
நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.