ஆவிக்குள் பார்த்த பெண்

ஐப்பசி, வெள்ளிக்கிழமை.

எனக்கு எழுதத் தெரியாது. போனில் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது.

புயலில் தென்னையெல்லாம் சாய்ந்ததே, அதற்கு அடுத்த வருஷம் எனக்குப் பெண் பார்த்தார்கள். கரி இன்ஜின் ஓடிய காலம். வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் பெண்ணுக்குத்தான் கெட்ட பெயர். அதனால் பெண்ணை அவர்கள் ஊர் ஸ்டேஷனில் நிறுத்திவைப்பார்கள். சாயங்கால வண்டி தண்ணீர் பிடிக்க நிற்கும்போது ஊரே பிளாட்பாரத்தில்தான் இருக்கும். சீட்டாட்டம், முறுக்குக் கூடை, வம்பு. யார் யாரைப் பார்க்க வந்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது.

நான் வண்டிக்குள் ஜன்னலோரம் இருந்தேன். அந்த நேரம் பார்த்து இன்ஜின் ஆவியை விட்டது. ஒரே வெள்ளை. ஒரு சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது. ஆவி கலைவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. அப்பா கேட்டதும், "பிடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டேன்.

"அன்னைக்கு எங்கிட்ட என்னத்தங்க பாத்தீங்க?" என்று செல்லம்மா சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். "மூக்குத்தி" என்பேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

இன்று அவள் திதி. அன்று அவளோடு ஸ்டேஷனில் நின்ற தங்கை ராசாத்தியும் வந்திருந்தாள். மனசு கேட்காமல் அவளிடம் சொல்லிவிட்டேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அன்னைக்கு அக்காவுக்கு மூக்கே குத்தல அத்தான்! நீங்க பொய் சொல்லும்போது முழிப்பீங்களாமே, அதப் பாக்கத்தான் கேட்டுக்கிட்டே இருந்துச்சு."

அன்று ஆவிக்குள் கேட்ட சிரிப்பு செல்லம்மாவுடையதுதானா என்று கேட்க மறந்துவிட்டேன். நாளைக்கே கேட்க வேண்டும். அன்று அந்தப் பிளாட்பாரத்தில் நின்றவர்களில் இன்னும் இருப்பது ராசாத்தி ஒருத்திதான்.