ஹப்சாவை இழுத்துவரும் கார்

சுரையா,

இந்த முழ நீளப் பொம்மைக் கார் இன்றைக்கு உன் தங்கை ஹப்சாவை எதிர்வீட்டிலிருந்து இழுத்துக்கொண்டு வரும். யானையையே இழுக்கும், அவள் எம்மாத்திரம்?

புதுப் பேட்டரி போட்டிருக்கிறேன். வோல்ட் பழைய அளவுதான், கூடினால் மோட்டார் கருகிவிடும். ஆனால் இது கரண்ட்டைத் தாராளமாகத் தரும். பாயசக் கிண்ணத்தோடு நேற்றுபோல் நடுத்தெருவில் திணறாது. கொள்ளளவும் அதிகம், அதனால் போய்த் திரும்பும்.

பெருநாளிலிருந்து பேச்சில்லாத உங்களுக்கு நடுவே இந்தத் தெரு ஆறு மாதிரிக் கிடக்கிறது. நீ வாசல் தாண்ட வேண்டாம். அந்தியில் மஃரிப் தொழுதுவிட்டு, பாயசக் கிண்ணத்தை வைத்துக் காரை விடு. விளக்கு இரண்டும் மின்மினியாய் மிதந்து போகும்.

திருபுவனை போய் வருகிறேன்.
அமீன்

ரிமோட் அரிசி டின் மேல். ரிடையர் ஆனவன் பேச்சென்று சிரிக்காதே.

(அடியில், சுரையாவின் கையெழுத்தில்)
என்னங்க, கிண்ணம் காலியாத் திரும்பிச்சு. பின்னாடியே ஹப்சா, “இன்னாக்கா, சக்கரையே இல்ல”ன்னு திட்டிக்கிட்டே வந்தா. உள்ள தூங்குறா, சத்தம் போடாம வாங்க. உங்க கார்தான் இழுத்துச்சு.