பனிமூட்டத்தில் ஆறு சீழ்க்கை

அக்டோபர் 7

டாக்டர் காதைப் பார்த்துவிட்டு, சவ்வு கிழிந்திருக்கிறது, தண்ணீர்ப் பக்கமே போகாதே என்றார். போகவில்லை. குன்றுக்குப் பின்னால் உடைமாற்றும் அறையில் அடுப்பைக் கட்டிக்கொண்டு கடலைத் திரையில் பார்க்கிறேன். கரும்பாறையில் கேமராவும் மைக்கும் வைத்திருக்கிறார்கள். நம்மவர்கள் நாலு பேர் சங்கெடுக்க முங்குகிறார்கள். மேலே வந்து மூச்சு விடும்போது ஒவ்வொருத்திக்கும் ஒரு சீழ்க்கை. எவளுடையதாவது கேட்காவிட்டால் நான் துறைமுகப் படகைக் கூப்பிட வேண்டும்.

இதைச் செய்து கொடுத்தவன் பியோ, சியோல்காரன். நாற்பது வயது, அரை வழுக்கை, படகைக் கண்டாலே வாந்தி. பாறையிலிருந்து போகிற படத்தை சியோலில் ஒரு மெஷின் மாற்றி, நல்ல போனுக்குப் பெரிய படம், ஓட்டை போனுக்குச் சின்னப் படம் என்று திருப்பி அனுப்புமாம். நான் பார்ப்பது அரை நிமிடம் பழையதாம்.

"அரை நிமிஷம் பழசா? மீனையே அவ்வளவு பழசா விக்க மாட்டோம் தம்பி."

"அதையே குறைக்க ஆறு மாசம் ஆச்சுக்கா."

"உன் முடி போன வேகத்துல குறைச்சிருக்கலாம்."

அக்டோபர் 9

காதில் இரைச்சல். கஞ்சி அடிப்பிடித்துவிட்டது.

அக்டோபர் 11

பனிமூட்டம். திரை முழுக்க வெள்ளை. சீழ்க்கையை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஆறு வந்தது.

எங்களில் மூத்த கும்-ஜா அக்காவுடையதும் மற்ற மூவருடையதும் எனக்குத் தெரியும். ஐந்தாவது — நீளமாய்ப் போய், அடுப்பிலிருந்து கெட்டிலைப் பாதியில் இறக்கினாற்போல நின்றுவிடும் — அது மான்-சுன். அவளைத் தவிர யாருக்கும் அப்படி வராது. ஏப்ரலில் கடலோடு போனவள். அவள் ஆவியைக் கரையேற்ற நாங்கள் பறையடித்துப் பூஜை போட்டோம், எல்லாம் முடித்தோம்.

ஆறாவது யார்? கேட்ட மாதிரி இருக்கிறது. பெயர் வரவில்லை. வராததுதான் அதிகம் பயமாக இருக்கிறது.

நாலு பேரும் பத்திரமாக வந்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. காது ரிப்பேர்தானே.

அக்டோபர் 12

காது ரிப்பேர் இல்லை. நேற்று வந்த படமும் சத்தமும் மெஷினில் சேமித்து இருந்தன, இன்று போட்டுக் காட்டினேன். கும்-ஜா அக்கா கையிலிருந்த கமலாப்பழம் கீழே விழுந்தது.

"மான்-சுன் நம்மளக் கூப்பிடுறா. நாளைக்கு யாரும் இறங்க வேண்டாம்."

வெள்ளைத் தாளில் அரிசி பொட்டலம் கட்டிக் கடலில் போட்டோம், கடலாளும் நாகராஜாவுக்கு ஒன்று, மான்-சுனுக்கு ஒன்று. அவளுடையதைக் கொஞ்சம் பெரிதாகவே கட்டினேன். எப்போதும் பசி அவளுக்கு.

அக்டோபர் 14

பியோ வந்தான். நான் பேயைப் பற்றிச் சொல்ல, அவன் சிரிக்காதது எனக்குப் பிடிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலாம்.

சத்தம் எங்கே நுழைகிறது என்று ஒவ்வொரு இடமாகக் காது வைத்துக்கொண்டே வரவேண்டுமாம். பாறையில் மைக், அதன் கீழே பெட்டி, அப்புறம் சியோல், அப்புறம் என் திரை. பெட்டியிடம் வந்ததும் குனிந்தவன் நிமிரவில்லை.

"அக்கா, உப்பு பிடிச்சு மைக் வயர் அறுந்து கிடக்கு. இங்கருந்து சத்தமே போகல. ஆனா சியோல்லருந்து வருது."

இதைச் சொன்னபோது அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். வழுக்கையில்கூட மயிர் நட்டுக்கொண்டிருக்கும்.

அக்டோபர் 15

கண்டுபிடித்துவிட்டான். சத்தம் வராமல் படம் மட்டும் வந்தால் சில போன்களில் எல்லாமே நின்றுவிடுமாம். அதனால் சத்தம் அறுந்தால் அந்த இடத்தை அடைக்க, பதிவு செய்த துண்டு ஒன்றைத் திரும்பத் திரும்ப ஓட்டச் சொல்லி மெஷினில் எழுதியிருக்கிறான். மார்ச்சில் முதல்முறை சோதித்தபோது எடுத்த கடல் சத்தம்.

"வெறும் மௌனத்தையே போட்டிருக்கலாமே?"

"போட்டுப் பாத்தேன். செத்த மாதிரி இருந்துச்சு. அதான்..."

மார்ச்சில் மான்-சுன் இருந்தாள். அப்போது முங்கியவர்கள் ஆறு பேர். ஆறாவது நான். ஐம்பத்திரண்டு வயதில் என் சீழ்க்கையை முதல்முறை வெளியிலிருந்து கேட்டிருக்கிறேன், யாரோ என்று பயந்திருக்கிறேன்.

இது சிரிக்க வேண்டிய விஷயம். சிரித்தேன்கூட. விளக்கை அணைத்தபிறகுதான் உறைத்தது — செத்தவள் மூச்சு மட்டுமா பழசு? கும்-ஜா அக்காவுடையதும் மார்ச் மாதத்து மூச்சு. அன்றைக்குக் கடலில் இருந்த நாலு பேரில் ஒருத்தியைக்கூட நான் கேட்கவில்லை. நாலு பேரும் போயிருந்தாலும் ஆறு என்று எண்ணிக்கொண்டு காபி குடித்திருப்பேன்.

அக்டோபர் 18

புது வயர். இனி சத்தம் அறுந்தால் மௌனம், திரையில் சிவப்புப் பட்டை. நான் கேட்டு வாங்கியது.

அக்டோபர் 25

பனிமூட்டம். திடீரென்று மௌனம். சிவப்புப் பட்டை.

படகுக்காரனுக்குப் போன் செய்தேன்.

"சத்தம் வரலைன்னா மெஷினைத் திட்டு. என்னை ஏன் கூப்பிடுற?"

"மெஷினுக்கு நீந்தத் தெரியாதுடா. கிளம்பு."

போனான். மூன்று பேர் சும்மா முங்கிக்கொண்டிருந்தார்கள். கும்-ஜா அக்கா காலில் பழைய வலை சுற்றி, மிதவையை அணைத்தபடி கிடந்தாளாம். சீழ்க்கைக்கு மூச்சில்லை. வலையை அறுத்து அவளைப் படகில் ஏற்றினான். வயரும் மறுபடி அறுந்துதான் இருந்தது. பழைய ஏற்பாடாக இருந்தால் அவள் நன்றாக மூச்சு விட்டுக்கொண்டிருந்திருப்பாள், என் திரையில்.

நவம்பர் 2

அந்த மார்ச் பதிவைச் சின்ன மெமரி சில்லில் போட்டு பியோ கொண்டுவந்தான். மெஷினில் அழித்துவிட்டானாம். அரிசியோடு சேர்த்துக் கட்டி மான்-சுனிடம் அனுப்பிவிடலாம் என்றேன்.

"அதுல உன் மூச்சும் இருக்குடி," என்றாள் கும்-ஜா அக்கா. உயிரோடு இருக்கிறவள் மூச்சை எப்படிச் செத்தவள் வாயில் போடுவது?

"என்னுதை மட்டும் வெட்டி எடு தம்பி."

"ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கிடக்குக்கா. பிரிக்க முடியாது."

அரிசிப் பானைக்குள் போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

நவம்பர் 9

காது ஆறிவிட்டது, இறங்கலாம் என்கிறார் டாக்டர். காது எப்படி என்று கும்-ஜா அக்கா கேட்டாள். இன்னும் இரைகிறது என்று சொல்லிவிட்டு, அவர்கள் சீழ்க்கையை எண்ணத் திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன்.