அம்மா மேலே, நான் கீழே

ஆகஸ்ட் 4, புவெனஸ் அயர்ஸ்

தையற்கூடத்தில் சொல்லிவிட்டேன், திரும்பி வரும் தேதி தெரியாது என்று. "போய்ட்டு வா நெலிதா. ஆனா உன் மெஷின் உனக்காகக் காத்துக்கிட்டு இருக்காது" என்றார் மேஸ்திரி. கோபமாகச் சொல்லவில்லை.

அம்மாவின் வயிற்றில் இருக்கும் கட்டிக்கு இனி மருந்தில்லை என்று சொல்லிவிட்டார்கள். அம்மா அழவில்லை. "என்னை ஊருக்குக் கூட்டிட்டுப் போ" என்று மட்டும் சொன்னாள். ஊர் என்றால் பொலிவியாவின் லா பாஸ், அதன் தலைக்கு மேல் இருக்கும் எல் ஆல்டோ. நான் பிறந்தது இங்கே, பொலிவியாக்காரர்களின் இந்தத் தெருவில். அம்மாவின் நிலக்கடலை சூப்பும் அவள் திட்டும் அய்மாரா வசவுகளும்தான் எனக்கு அந்த ஊர். பார்த்ததில்லை.

கடைசிவரை கூடவே இருப்பேன். முடிவு செய்துவிட்டேன்.

ஆகஸ்ட் 9, எல் ஆல்டோ

சாந்தா குரூஸில் விமானம் மாறும்போது அம்மா கழிவறைக்குப் போனாள். வெகுநேரம் வரவில்லை. பயந்துபோய் உள்ளே போனால் கண்ணாடி முன்னால் யாரோ ஒருத்தி. அந்த ஊர்ப் பெண்கள் உடுத்தும் அடுக்குப் பாவாடை, சால்வை, இரட்டைப் பின்னல், உச்சியில் வட்டத் தொப்பி.

"ஏன்டி வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிற? உங்கம்மாதான்."

புவெனஸ் அயர்ஸில் முப்பது வருஷமாகப் பழைய பேன்ட்டும் ஸ்வெட்டருமாகத்தான் அவளைப் பார்த்திருக்கிறேன். இந்தப் பாவாடையை எங்கே ஒளித்து வைத்திருந்தாள்?

விமானம் இறங்கிய மாதிரியே இல்லை. தரைதான் எழுந்து வந்து அதைத் தொட்டது. கதவு திறந்ததும் மெல்லிய, குளிர்ந்த காற்று. இழுத்தேன், உள்ளே ஒன்றும் வரவில்லை. மறுபடி இழுத்தேன். அம்மா எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்துகொண்டிருந்தாள்.

வெளியே எர்மினியா சித்தி. அக்காவும் தங்கையும் கட்டிக்கொண்டு அழுதார்கள். பெட்டியின் மேல் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த என்னைப் பார்த்துச் சித்தி, "இதுல யாருடி நோயாளி?" என்றாள்.

பூசாத செங்கல் வீடுகள், நாய்கள், கண் கூசும் வெயில். திடீரென்று தரை முடிந்துவிட்டது. கீழே பெரிய குழி, அதுதான் லா பாஸ். அதன் சரிவெல்லாம் வீடு. அதற்கப்பால் இல்லிமானி மலை, பனியோடு. அம்மா காரை நிறுத்தச் சொல்லி இறங்கி நின்றாள். நான் இறங்கவில்லை. கால் ஒத்துழைக்கவில்லை.

ஆகஸ்ட் 10

தலைவலி. கோக்கா இலைத் தேநீர். வாந்தி. இந்த உயரத்துக்குப் புதிதாக வரும் எல்லாருக்கும் அப்படித்தானாம், சரியாகிவிடுமாம்.

ஆகஸ்ட் 11

சந்தையில் அம்மா காய்கறிக்காரியிடம் சண்டை போட்டாள்! "உருளைக்கிழங்கா இது, ஆட்டுப் புழுக்கை!" என்று. அவள் "பார்த்து எடு கிழவி, பல்லு இருக்கா முதல்ல?" என்றாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு. புவெனஸ் அயர்ஸில் அம்மா கடையில் வாயே திறக்கமாட்டாள், விரலால் காட்டுவாள். இவ்வளவு குரல் இவளுக்குள் இருந்ததா?

எனக்கு இருமல் நிற்கவில்லை. படியேற முடியவில்லை.

ஆகஸ்ட் 13, ஆஸ்பத்திரி

நுரையீரலில் நீர். உயரம் சிலர் உடம்புக்கு ஆகாது என்கிறார் டாக்டர். நாளையே கீழே போக வேண்டுமாம். எப்போது திரும்பி வரலாம் என்று கேட்டேன். "வராதீங்க. இன்னொரு தடவை இப்படி வந்தா உங்க அம்மாவுக்கு முன்னாடி நீங்க போயிடுவீங்க."

ஆகஸ்ட் 14

அம்மாவைக் கெஞ்சினேன். கீழே போகலாம், கொரோய்கோ என்ற ஊரில் இரண்டு பேருமாக இருக்கலாம், மூன்று மணி நேரப் பயணம்தான்.

"அந்தப் புழுக்கத்துலயா? நா இங்க பொறந்தவடி. இங்கயே போறேன்."

அப்போ நான்? உனக்கு சித்திதான் வேணுமா? இத்தனை வருஷம் உன்னைப் பார்த்துக்கிட்டது அவளா? கேட்டேவிட்டேன். மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு கத்தினேன்.

அம்மா கட்டிலில் உட்கார்ந்தாள். என் தலையை எடுத்து மடியில் வைத்து எனக்குச் சிக்கெடுத்து இரட்டைப் பின்னல் போட்டாள். பிறகு சொன்னாள்: "நீ உயிரோட இருக்கணும். அது போதும் எனக்கு. போ."

ஆகஸ்ட் 15, கொரோய்கோ

கணவாயைத் தாண்டி வண்டி இறங்க இறங்க மூச்சு வந்துகொண்டே இருந்தது. நன்றாக வந்தது. அதுதான் தாங்கவில்லை.

செப்டம்பர் 6

சித்திக்குத் தெரிந்த ஆரஞ்சுக்காரி ஹஸிந்தாவின் வீட்டில் ஓர் அறை. பள்ளிச் சீருடை தைக்கிறேன். தினமும் போன். இன்று அம்மா, "சாப்பிட்டியா?" என்றாள். நீ சாப்பிட்டியா என்றேன். "சூப்பு" என்றாள். பின்னால் சித்தியின் குரல்: "பொய். ஒரு கரண்டி."

செப்டம்பர் 29

இன்று அம்மா பேசவில்லை. சித்தி போனை அவள் வாயருகே வைத்தாள். மூச்சு மட்டும் கேட்டது. வைக்க மனமில்லாமல் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

அக்டோபர் 8

முடிந்தது. விடிகாலையில்.

அக்டோபர் 9

வண்டி நிறுத்தத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். நடந்தது நடக்கட்டும், ஒரு பிடி மண்ணாவது போடுவேன். ஹஸிந்தா போனை நீட்டினாள். மறுமுனையில் சித்தி.

"ஏறாதே. அக்கா என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கா. 'அவ மேல வந்தா பெட்டியை விட்டு எழுந்து வந்து அடிப்பேன்'னு சொல்லிட்டுப் போயிருக்கா."

சிரித்துவிட்டேன். அப்புறம் வண்டி போய்விட்டது. நிறுத்தத்தில் மாலைவரை இருந்தேன்.

நவம்பர் 1

இறந்தவர்கள் நண்பகலில் வீடு தேடி வரும் நாள். சித்தி காலை வண்டியிலேயே இறங்கி வந்துவிட்டாள், குழந்தை வடிவில் சுட்ட ரொட்டிகள் ஒரு கூடை, கரும்பு, பூ. "மேலயும் ஒரு படையல் மேசை போட்டிருக்கேன். அவ எங்க வேணும்னாலும் போகட்டும்" என்றாள். இருவருமாக மேசையை அலங்கரித்தோம். நிலக்கடலை சூப் நான் வைத்தேன்.

அண்டை வீட்டார் ஒவ்வொருவராக வந்தார்கள். அவர்கள் ஜெபித்தால் நாம் ரொட்டி கொடுக்க வேண்டும். முதலில் ஹஸிந்தா. மேசை முன் மண்டியிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"யார் பேருக்கு?"

சித்தி சொல்ல வாய் திறந்தாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். அம்மா என்றே கூப்பிட்டவள் நான். அந்தப் பெயரை ஒருநாளும் நான் சொன்னதில்லை.

"சிப்ரியானா" என்றேன். "சிப்ரியானா கிஸ்பெர்ட்."