கையெழுத்துப் போடத் தெரிந்தவள்

வேலாங்காடு,
12.3.2024

அன்புள்ள பிரபா,

முட்டிவலி தேவலையா? போனில் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவாய். கல்லூரியிலேயே நீ அப்படித்தான். அதனால் தாளில் எழுதுகிறேன்.

முதியோர் எழுத்தறிவுத் தேர்வு நேற்று முடிந்தது. உன் அலுவலகத்திலிருந்து வந்த மேற்பார்வையாளர் விடைகளைக் கரும்பலகையில் எழுதிப்போட்டார். என் வகுப்புப் பெண்கள் பார்த்து வரைந்தார்கள்.

அவர்களில் ராசாத்தி தறிப்பட்டறையில் தார்க்குச்சிக்கு நூல் சுற்றுகிறவள். தன் பெயரை அழகாக எழுதுவாள். அதற்கு மேல் ஒரு வரி படிக்க வராது. எடப்பாடி பஸ்ஸை நிறம் பார்த்துத்தான் ஏறுகிறாள். அவள் அப்பா போன மாதம் தவறிவிட்டார். அவர் உழுதுகொண்டிருந்த காட்டைப் பற்றித் தம்பி சின்னராஜ் பேச ஆரம்பித்திருக்கிறான். “என்னென்னமோ காயிதம் வருமுங்க டீச்சர். படிக்கத் தெரிஞ்சுக்கிட்டாத் தேவலீங்க” என்கிறாள்.

அவளுக்குத் தேர்ச்சி போடாதே. வகுப்பை இன்னும் ஒரு வருடம் விட்டுவை.

அன்புடன்,
ஃபாத்திமா


சேலம்,
2.4.2024

அன்புள்ள ஃபாத்திமாவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் ஹாஸ்டல் ஞாபகம் வந்தது. முட்டி அப்படியேதான் இருக்கிறது.

பட்டியல் மேலே போய்விட்டதடி. உங்கள் ஊர் நூறு சதவீதம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் என்ன செய்கிறார்கள்? வீட்டுக்காரர் ‘தெரியும்’ என்றால் தெரியும் என்று குறித்துக்கொள்கிறார்கள். நாங்கள் தேர்வாவது வைக்கிறோம். நாடு முழுக்க விகிதம் இப்படித்தான் ஏறுகிறது. இதில் உன் ராசாத்தி ஒருத்தியால் என்ன ஆகிவிடப்போகிறது?

நூறு ஆன ஊரில் வகுப்புக்கு அனுமதி இல்லை. நீயும் கொஞ்சம் ஓய்வெடு. ஒரு ஞாயிறு, சர்ச்சில் பூசை முடித்துவிட்டு இங்கே வாயேன்.

உன்,
பிரபா


வேலாங்காடு,
19.8.2024

அன்புள்ள பிரபா,

வர முடியவில்லை.

‘பட்டா மாற்றத்துக்கு’ என்று சொல்லி, சின்னராஜ் போன வாரம் ராசாத்தியைப் பத்திர ஆபீசுக்குக் கூட்டிப்போயிருக்கிறான். கைநாட்டு என்றால் பத்திரத்தைப் படித்துக் காட்டி, காட்டியதாகக் கீழே எழுதவும் வேண்டும். பத்திரம் எழுதுகிறவர் மைப்பெட்டியை எடுத்திருக்கிறார். இவள், “எனக்குக் கையெழுத்தே வருமுங்க” என்று பேனாவை வாங்கிக்கொண்டாள்.

“எங்கக்கா பாசானவங்க. கலெக்டராட்ட போடுவாங்க பாருங்க” என்றானாம் தம்பி. எல்லோரும் சிரித்தார்களாம். இவளும் சிரித்திருக்கிறாள். யாரும் படித்துக் காட்டவில்லை.

அது விடுதலைப் பத்திரம். அப்பன் காட்டில் அவளுக்கு இனிப் பங்கு இல்லை.

நேற்று என் வீட்டுக்கு வந்து நின்றாள். “கைநாட்டே வெச்சிருந்தாப் படிச்சுக் காட்டியிருப்பாங்க, இல்லீங்க டீச்சர்?” என்றாள். ஆமாம் என்றேன். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுப் பட்டறைக்குப் போய்விட்டாள்.

வழக்குப் போடலாம் என்கிறார் வக்கீல் காளிதாஸ். அவளுக்குப் படிக்கத் தெரியாது, தேர்ச்சி தவறாகக் கொடுக்கப்பட்டது என்று நீ ஒரு கடிதம் கொடுத்தால் போதும்.

ஃபாத்திமா


சேலம்,
9.9.2024

அன்புள்ள ஃபாத்திமாவுக்கு,

படித்ததும் கஷ்டமாக இருந்தது. ஆனால் யோசித்துப் பார். அவள் ஒருத்திக்குக் கொடுத்தால் ஊர் முழுக்கக் கேள்வி வரும். பிறகு மற்ற ஊர்கள். எனக்கு இன்னும் பத்து வருட சர்வீஸ் இருக்கிறது. ஆவணப்படி உங்கள் ஊரில் எழுதப் படிக்கத் தெரியாதவர் யாரும் இல்லை. இல்லாத ஒருவருக்கு நான் எப்படிக் கடிதம் கொடுப்பது?

சின்னராஜிடம் பேசிப் பாருங்கள். கூடப்பிறந்தவன்தானே.

கோபித்துக்கொள்ளாதேடி.

உன்,
பிரபா


வேலாங்காடு,
3.2.2025

பிரபாவுக்கு,

கோபம் இல்லை. இரண்டு முறை கோபப்பட்டுப் பார்த்தேன், வரவில்லை.

சின்னராஜிடம் பேசினோம். “படிச்சவங்க போட்ட கையெழுத்துங்க” என்றான். வழக்குப் பதிவாகிவிட்டது. நான் சாட்சி. அவளுக்குப் படிக்கத் தெரியாது என்று சொல்லப்போகிறேன். அப்படியானால் தெரியும் என்று எழுதிக்கொடுத்தது யார் என்று எதிர்த்தரப்பு கேட்கும். உன் பெயரைச் சொல்வேன். உன்னையும் கூப்பிடுவார்கள். நீ முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

சாட்சிகள் தங்களுக்குள் எழுதிக்கொள்ளவோ பேசிக்கொள்ளவோ வேண்டாம் என்கிறார் வக்கீல். வழக்கு முடிய எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. அதனால் இதற்குப் பதில் போடாதே.

அ. ஃபாத்திமா